சிங்கப்பூர் – நியூயார்க்: இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

நீண்ட தூர விமானப் பயணத்துக்குத் திட்டம் போடும்போது எல்லோரும் முதலில் தேடுவது இரண்டு விஷயங்கள்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம். தேடினால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு, அதாவது ஜேஎஃப்கேவுக்கு, எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஓரிடத்தில் 15,349 கிலோமீட்டர் என்று இருக்கும். அதே நகரங்களுக்கு இன்னோரிடத்தில் 16,700 கிலோமீட்டர் என்று இருக்கும். நேரமும் அப்படித்தான், 17 மணி என்று ஒருவர் சொல்வார், 18 மணி 40 நிமிடம் என்று இன்னொருவர் சொல்வார். டிக்கெட்டை எடுத்து, புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து கழித்தால் ஐந்தரை மணி நேரம்தான் வரும்.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒன்றை அளக்கிறது. எது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நாமே கணக்குப் போட்டுவிடலாம். சிங்கப்பூர் – நியூயார்க்கை உதாரணமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இன்று இடைநிற்காமல் பறக்கும் பயணிகள் விமானங்களில் மிக நீண்ட வழித்தடம் இதுதான். இவ்வளவு தூரத்தில் சின்னச் சின்ன வித்தியாசங்கள்கூடப் பெரிதாகத் தெரியும் என்பதால் கற்றுக்கொள்ள வசதி.

படி 1: விமான நிலையத்தின் சரியான இடத்தை எடுங்கள்

நகரத்தின் இடத்தை எடுக்கக் கூடாது, விமான நிலையத்தின் இடத்தை எடுக்க வேண்டும். நியூயார்க்குக்கு மட்டும் ஜேஎஃப்கே, நியூவர்க், லகார்டியா என்று மூன்று பெரிய விமான நிலையங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஜேஎஃப்கேவுக்கும் பறக்கிறது, நியூவர்க்குக்கும் பறக்கிறது. டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: சாங்கிக்கு எஸ்ஐஎன், கென்னடிக்கு ஜேஎஃப்கே, நியூவர்க்குக்கு ஈடபிள்யூஆர்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இவை:

சாங்கி: வடக்கு 1° 21′ 33″, கிழக்கு 103° 59′ 22″
ஜேஎஃப்கே: வடக்கு 40° 38′ 23″, மேற்கு 73° 46′ 44″

இவற்றைத் தசமமாக மாற்ற வேண்டும். நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3,600ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். சாங்கி 1.3592, 103.9894. ஜேஎஃப்கே 40.6397, மைனஸ் 73.7789. மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் மைனஸ் குறி கட்டாயம். 40° 38′ என்பதை 40.38 என்று அப்படியே எழுதிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிற பிழை. அந்த ஒரு பிழையில் 28 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும்.

படி 2: பெருவட்டத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. இதைத்தான் பெருவட்டத் தூரம் என்கிறார்கள். 15,349 என்ற எண் இதுதான்.

பொதுச் சூத்திரம் பள்ளியில் படித்த சைன், கொசைன்தான். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, அதை தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். கிடைத்த எண் எந்தக் கோணத்தின் கொசைன் என்று பாருங்கள். அந்தக் கோணத்தை 111.2ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 60ஆல் பெருக்கினால் கடல் மைல். கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் உதாரணத்தில் தீர்க்கரேகை வித்தியாசம் 103.9894 கூட்டல் 73.7789, அதாவது 177.7683 டிகிரி. சூத்திரத்தில் போட்டால் மைனஸ் 0.7426 வருகிறது. அதற்குரிய கோணம் 137.95 டிகிரி. 111.2ஆல் பெருக்கினால் சுமார் 15,340 கிலோமீட்டர். அட்டவணைகளில் இருக்கும் 15,349க்கும் இதற்கும் உள்ள சிறு வித்தியாசத்துக்குக் காரணம், பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பது. பயணத் திட்டத்துக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

இந்த வழித்தடத்தில் இன்னும் அழகான ஒன்று ஒளிந்திருக்கிறது. 177.77 டிகிரி என்றால் ஏறத்தாழ 180. அதாவது சிங்கப்பூரும் நியூயார்க்கும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட நேர் எதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அப்படி இருந்தால் மிகக் குறுகிய வழி வட துருவத்தின் பக்கமாகத்தான் போகும். சூத்திரமே தேவையில்லை. சாங்கியிலிருந்து துருவத்துக்கு 90 கழித்தல் 1.36, அதாவது 88.64 டிகிரி. துருவத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு 90 கழித்தல் 40.64, அதாவது 49.36 டிகிரி. கூட்டினால் 138. மனக்கணக்காகவே விடை வந்துவிட்டது.

துல்லியமாகப் பார்த்தால் இந்தக் கோடு தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளிக் கடந்து, கனடாவின் ஆர்க்டிக் தீவுகள், கியூபெக் வழியாக இறங்குகிறது. தட்டையான உலக வரைபடத்தில் இந்தக் கோட்டைக் கற்பனை செய்யவே முடியாது. வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் இடையே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். குழந்தைகளோடு சேர்ந்து செய்து பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

இதே மனக்கணக்கு இன்னொரு கேள்விக்கும் விடை சொல்கிறது. சாங்கியிலிருந்து நியூவர்க்குக்கு 15,344 கிலோமீட்டர், ஜேஎஃப்கேவுக்கு 15,349. இரண்டு விமான நிலையங்களும் நகரத்தின் இரு பக்கங்களில், முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றன. ஆனால் சிங்கப்பூரிலிருந்து தூரத்தில் ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஏன்? அவை விலகி நிற்பது பெரும்பாலும் கிழக்கு மேற்காக. துருவத்திலிருந்து இறங்கி வரும் விமானத்துக்கு வடக்கு தெற்கு வித்தியாசம்தான் கணக்கு. அது மிகச் சிறியது.

கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்கு எளிய வழிகள் உண்டு. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஒரு விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த விமான நிலையத்தைத் தொட்டால் போதும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் வரைபடத்தோடு விடை தரும். ஆனாலும் ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்பேன். அப்போதுதான் அந்த எண்ணின் எல்லை எது என்று புரியும்.

படி 3: விமானம் உண்மையில் போகும் வழியைக் கணக்கில் சேருங்கள்

மிகக் குறுகிய கோட்டில் விமானம் பறப்பது அபூர்வம். 2018ல் சிங்கப்பூர் – நியூவர்க் சேவையை மீண்டும் தொடங்குவதாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்தபோது, தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர், நேரம் 18 மணி 45 நிமிடம் வரை என்று சொன்னது. பெருவட்டத் தூரத்தைவிட இது 1,350 கிலோமீட்டர் அதிகம். தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது எண் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

இந்தக் கூடுதல் தூரத்துக்குக் காரணங்கள் பல. முதல் காரணம் காற்று. அதற்குத் தனிப் படியே இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும்போது துருவப் பக்கம் போகாமல், ஜப்பானுக்குக் கிழக்கே வட பசிபிக்கைக் கடந்து போனால் பின்னாலிருந்து காற்று தள்ளும். தூரம் கூடினாலும் லாபம்.

இரண்டாவது காரணம் வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. பின்லாந்தின் ஃபின்ஏர் விமானங்கள் வட துருவத்தின் மேலே சுற்றிப் போக வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில, வழியில் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. பழைய அட்டவணையைப் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் எல்லோரும் அந்த நாட்களில் தவித்தார்கள். நேரம் என்பது இரண்டு ஊர்களின் நிலையான குணம் இல்லை; அந்த ஆண்டு, அந்த மாதம், அந்த விமானத்தின் கொடி எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது, பாதுகாப்பு விதிகள். இரட்டை எஞ்சின் விமானம் எங்கே பறந்தாலும், ஒரு எஞ்சின் நின்றுபோனால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை அடையும்படி இருக்க வேண்டும். சிங்கப்பூர் – நியூயார்க் வழித்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 வகை விமானத்துக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2014ல் 370 நிமிடம் வரை அனுமதி கொடுத்தது. அதனால் பசிபிக்கின் நடுவிலும் இதற்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. துருவப் பக்கம் போகும்போது எரிபொருளின் வெப்பநிலையையும் விமானிகள் கவனிக்க வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அந்த உயரத்தில் வெளியே இருக்கும் குளிர் அதைவிடக் கடுமை.

இதையெல்லாம் பயணியாகிய நாம் கணக்கிட முடியாது. பெருவட்டத் தூரத்தோடு 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. வான்வெளி மூடப்பட்ட பகுதி குறுக்கே வந்தால் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ளலாம்.

படி 4: வேகமும் காற்றும்

நேரக் கணக்கில் பெரும்பாலான தளங்கள் தடுமாறுவது இங்கேதான். ஏதோ ஒரு சராசரி வேகத்தால் தூரத்தை வகுத்துவிட்டு, போகவும் வரவும் ஒரே நேரத்தைக் காட்டிவிடுவார்கள்.

ஏ350 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கிறது. 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவில் இருக்கும். எனவே விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். ஆனால் இது காற்றைப் பொறுத்த வேகம். காற்றே ஓர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தால்? ஓடும் திசையில் போகிற படகுக்கு லாபம், எதிர்த்துப் போகிற படகுக்கு நஷ்டம்.

நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் இது இன்னும் வலுக்கும். 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணமும் இதுதான். ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாக அனுப்பிப் பார்த்தார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியில் ஆகும் நேரத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைவு. தூரம் கூடியது, நேரம் குறைந்தது. வகுத்தல் கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு இது நம்ப முடியாத செய்தி.

காற்று போகும்போது உதவினால் வரும்போது கெடுக்கும், கடைசியில் சமன் ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 10,000 கிலோமீட்டர் தூரத்துக்கு, 900 வேகத்தில், 100 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். சாதகமாகப் போனால் 10 மணி நேரம். எதிர்த்து வந்தால் 12.5 மணி நேரம். மொத்தம் 22.5. காற்றே இல்லையென்றால் 22.2. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், போக வரச் சேர்த்துப் பார்த்தால் காற்று எப்போதும் நஷ்டம்தான்.

ஆகவே வகுப்பதற்கு ஒரே வேகத்தை எடுக்காதீர்கள். நான் பயன்படுத்துவது இது: பெரும்பாலும் கிழக்கு நோக்கிப் போனால் மணிக்கு 930, மேற்கு நோக்கிப் போனால் 830, வடக்கு தெற்காகவோ பூமத்தியரேகைப் பக்கமாகவோ போனால் 890.

படி 5: தரையில் போகும் நேரத்தைக் கூட்டுங்கள்

டிக்கெட்டில் போடும் நேரம், சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. கேட்டிலிருந்து விமானம் பின்னால் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்டில் நிற்பது வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், மெதுவாக மேலேறுவதும் இறங்குவதும் இதில் அடக்கம். ஜேஎஃப்கே மாதிரி நெரிசலான இடத்தில் ஓடுபாதை வரிசையிலேயே அரை மணி நேரம் போய்விடலாம். பொதுவாக 35 நிமிடம் கூட்டுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். 15,349ஐ 1.05ஆல் பெருக்கினால் 16,116. துருவம் வழியாக வடக்கு தெற்காகப் போகும் கோடு என்பதால் அதை 890ஆல் வகுத்தால் 18.1 மணி, அதாவது 18 மணி 6 நிமிடம். 35 நிமிடம் கூட்டினால் 18 மணி 41 நிமிடம். சிங்கப்பூர் – நியூயார்க் அட்டவணை நேரம் இதே அளவில்தான் இருக்கிறது. பருவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் மாறும். காற்று நன்றாக ஒத்துழைத்தால் இன்னும் சீக்கிரம் போகலாம். 2018 அக்டோபர் 11ஆம் தேதி சாங்கியிலிருந்து கிளம்பிய முதல் விமானம் 18 மணி நேரத்துக்குள்ளாகவே நியூவர்க்கில் இறங்கியது.

சூத்திரம் மற்ற இடங்களுக்கும் ஒத்துவருகிறதா? சென்னை – லண்டன் ஹீத்ரோ பெருவட்டத் தூரம் சுமார் 8,235 கிலோமீட்டர். மேற்கு நோக்கிப் போகும்போது 11 மணி நேரம், திரும்பி வரும்போது 10 மணிக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கு வருகிறது. போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை அவர்களே சொல்வார்கள். குறைந்த தூர விமானங்களுக்கு மட்டும் இந்தச் சூத்திரம் கொஞ்சம் குறைவாகக் காட்டும். மூவாயிரம் கிலோமீட்டருக்குள் என்றால் இன்னும் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வழித்தடத்துக்கு ஏன் தனி விமானம் தேவைப்பட்டது

கணக்கிலிருந்து சற்று விலகி இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தூரம் கூடும்போது அது வெறும் நேரப் பிரச்சினையாக இருப்பதில்லை. 18 மணி நேரம் பறக்க எரிபொருள் வேண்டும். எரிபொருளுக்கு எடை உண்டு. அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பறக்கவே மேலும் எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தைக் கொண்டு நியூவர்க் சேவையைத் தொடங்கியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் அதை நிறுத்தியது. ஐந்தாண்டு கழித்து, மிக நீண்ட தூரத்துக்கென்றே உருவான இரண்டு எஞ்சின் ஏ350-900யுஎல்ஆர் வந்த பிறகுதான் சேவை மீண்டது. ஜேஎஃப்கே சேவை 2020 நவம்பரில் தொடங்கியது.

இந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். வழக்கமான ஏ350-900ஐவிட 24,000 லிட்டர் அதிகம். அதற்கு விலையாக இருக்கைகள் குறைந்தன. மொத்தம் 161தான்: பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி இருக்கை ஒன்றுகூடக் கிடையாது. இந்த வழித்தடத்தில் டிக்கெட் விலை ஏன் அவ்வளவு அதிகம் என்று கேட்பவர்களுக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது.

படி 6: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

டிக்கெட்டில் உள்ள எல்லா நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள். ஆகவே நேராகக் கழிக்கக் கூடாது. இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழியுங்கள். சிங்கப்பூர் ஆண்டு முழுதும் யுடிசி கூட்டல் 8. இந்தியாவும் இலங்கையும் கூட்டல் 5.30. நியூயார்க் குளிர்காலத்தில் கழித்தல் 5, கோடையில் கழித்தல் 4. அமெரிக்கக் கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு 11.30க்கு சாங்கியிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். யுடிசியில் சனி பிற்பகல் 3.30. பதினெட்டரை மணி நேரம் கூட்டினால் ஞாயிறு காலை 10.00. நியூயார்க் நேரத்துக்கு 5 கழித்தால் ஞாயிறு விடியற்காலை 5.00. இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி விடியற்காலை ஐந்துக்கு இறங்குகிறோம். கடிகாரத்தில் கழிந்தது ஐந்தரை மணி நேரம்தான்.

திரும்பும்போது கதை தலைகீழ். சனி இரவு 10.00க்கு ஜேஎஃப்கேயிலிருந்து கிளம்பினால் யுடிசியில் ஞாயிறு அதிகாலை 3.00. 18 மணி 40 நிமிடம் கூட்டினால் ஞாயிறு இரவு 9.40. சிங்கப்பூரில் அப்போது திங்கள் காலை 5.40. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் நமக்கு ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. ஹோட்டல் முன்பதிவில் இது முக்கியம். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் ‘+2’ என்ற குறியைக் கவனிக்காதவர்கள், ஒரு நாள் முன்னதாகவே அறை போட்டுப் பணத்தை இழக்கிறார்கள். திங்கள் காலையில் வேலையோ, திருமணமோ இருந்தால் வெள்ளி இரவு விமானத்தையே எடுங்கள்.

சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடப்பதால் தனியாக எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். யுடிசி கணக்கில் அது தானாகவே அடங்கிவிடும்.

படி 7: மாறிச் செல்லும் வழி எவ்வளவு சுற்று என்று பாருங்கள்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்புகிறவர்களுக்கு இந்தப் படிதான் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். சென்னை – ஜேஎஃப்கே பெருவட்டத் தூரம் சுமார் 13,475 கிலோமீட்டர். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாறும் ஊர் வழியாகவும் இரண்டு துண்டுகளைக் கூட்டிப் பாருங்கள்.

டெல்லி வழியாக 1,760 கூட்டல் 11,755, மொத்தம் 13,515 கிலோமீட்டர். நாற்பது கிலோமீட்டர்தான் சுற்று. டெல்லி கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருக்கிறது. துபாய் வழியாக 2,935 கூட்டல் 11,000, மொத்தம் 13,935 கிலோமீட்டர். மூன்றரை சதவீதம் சுற்று. சிங்கப்பூர் வழியாக 2,925 கூட்டல் 15,349, மொத்தம் 18,270 கிலோமீட்டரைத் தாண்டுகிறது; 36 சதவீதம் சுற்று.

சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் கிட்டத்தட்ட ஒரே தூரம் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் நாலே கால் மணி நேர விமானம் என்பதால், இரண்டுமே சமம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் துபாயில் இறங்கும்போது நியூயார்க்குக்கு 11,000 கிலோமீட்டர்தான் மிச்சம்; சிங்கப்பூரில் இறங்கும்போது, கிளம்பிய இடத்தைவிடத் தள்ளிப் போயிருக்கிறோம். மூன்று மணி நேர இடைவெளியோடு துபாய் வழியில் மொத்தம் இருபத்தொன்று, இருபத்திரண்டு மணி நேரத்தில் சேரலாம். சிங்கப்பூர் வழியில் இருபத்தாறு மணி நேரமாவது ஆகும். நியூயார்க் மட்டுமே இலக்கு என்றால் சிங்கப்பூர் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. அமெரிக்க மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் இதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே விடை மாறும்.

மாறும் இடைவெளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட்டிலேயே நடக்கிறது. அதனால் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏற முடியாது. கேட் சீக்கிரமே மூடிவிடும். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதலாவது தாமதமானாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். அப்படி எடுத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வையுங்கள்.

படி 8: உண்மையான பறப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்

கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடந்த வாரம் அதே விமானம் எப்படிப் பறந்தது என்பதைவிட நல்ல சான்று இல்லை. ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வழியில் போனது என்று காட்டும். சில நாட்களின் நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். மிகச் சிறந்த நாளை எடுக்காதீர்கள். டிசம்பரில் பயணம் என்றால் ஜூன் மாத நேரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், காற்று மாறியிருக்கும். அங்கே காட்டுவது எழும்பி இறங்கும் நேரமா, கேட் விட்டுக் கேட் சேரும் நேரமா என்றும் பாருங்கள். பல சமயம் அரை மணி நேர வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான்.

கிளம்பும் நாளில் விமான நிறுவனத்தின் செயலியில் காட்டும் நேரத்தையே நம்புங்கள். அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து, அன்றைய வழியைத் தீர்மானித்த பிறகு வரும் எண் அது. அழைத்துப் போக வருகிறவரிடம் ‘ஐந்து மணிக்கு இறங்குகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டில் நின்ற பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, சுங்கம் எல்லாம் இருக்கின்றன. ஜேஎஃப்கேயில் அதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஆறரைக்கு மேல் வெளியே வாருங்கள் என்று சொன்னால், ஜனவரிக் குளிரில் அவர் வீணாக நிற்க வேண்டியிருக்காது.